எட்டாம் எண் ஜெர்சி காயவில்லை

ஏழு நாளாகியும் அந்த ஜெர்சி காயவில்லை.

மற்ற பதினொன்றும் திங்கட்கிழமை சாயங்காலமே காய்ந்து, மடிக்கப்பட்டு, பைக்குள் போய்விட்டன. எட்டாம் எண் மட்டும் கொடியிலேயே கிடந்தது. தினமும் காலையில் இசக்கிசெல்வி அதன் ஓரத்தைப் பிடித்துப் பார்ப்பாள். ஈரம். பிழிந்தால் இரண்டு சொட்டு விழும். முகர்ந்து பார்த்தால் சோப்பு வாசனை இருக்காது, ஆற்று மணல் வாசனைதான் வரும்.

"துலாவர்ஷ மழை பிடிச்சிருக்குல்லா. இந்த ஈரக்காத்துல எது காயும்?" என்றார் அவள் கணவர் சொரிமுத்து. தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். மழையை விட்டால் அவருக்கு வேறு விளக்கம் தெரியாது. மாவு இழுபடாவிட்டாலும் மழைதான், மேனேஜர் முறைத்தாலும் மழைதான்.

"மத்த பதினொண்ணும் காஞ்சுட்டே?"

"இது மட்டும் கனத்த துணியா இருக்கும்."

"எல்லாம் ஒரே துணிச் சுருள்ல வெட்டித் தச்சது. நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

சாலை பஜார் துணிக்கடையில் பதினாறு வருஷமாக நிற்பவளிடம் துணியைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொரிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

இந்த ஜெர்சிக்குச் சொந்தக்காரியைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்றுதான் இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கரமனை சீனியர்ஸ் என்பது நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களின் கூடைப்பந்து அணி. இருப்பவர்கள் பதினோரு பேர். பதினோரு பேருக்குமாகச் சேர்த்து ஒன்பது மூக்குக் கண்ணாடி, நாலு பேருக்குச் சர்க்கரை, உருப்படியான முழங்கால் என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணலாம். அதனால் இவர்கள் ஓட மாட்டார்கள், பந்தை ஓடவிடுவார்கள். ஐந்து கை மாறாமல் கூடைக்கு எறியக் கூடாது. கூடையைத் தவறவிட்டவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அவளாகவே மறுநாள் பயிற்சிக்குச் சுக்குக் காப்பி போட்டு எடுத்து வந்துவிட வேண்டும். ஒன்பது வருஷத்தில் ஐந்து முறை அரையிறுதியில் தோற்றிருக்கிறார்கள். அத்தனை முறையும் மறுநாள் காப்பி வந்தது, ஒருத்திகூட அணியை விட்டுப் போகவில்லை.

இந்தச் சட்டங்களையெல்லாம் போட்டவள் எட்டாம் எண்காரி, இசக்கிசெல்வியின் அக்கா உலகம்மாள். இடது கைக்காரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் வித்துராவுக்கு மேலே எஸ்டேட்டில் ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் போனவள், திரும்பும் வழியில் கல்லாற்றில் கால் நனைக்க இறங்கினாள். மலை வெள்ளம் வந்தது. ஆளும் போனாள், தோளில் கிடந்த பையும் போயிற்று. பதினோராம் நாள் கீழே எங்கேயோ ஒரு உடம்பு ஒதுங்கியது. இசக்கிசெல்வி போய் அடையாளம் சொன்னாள். எரித்தார்கள்.

ஆனால் அணியிலிருந்து உலகம்மாளை யாரும் எடுக்கவில்லை. பெஞ்சின் கடைசியில் ஒரு நாற்காலி, அதன் முதுகில் எட்டாம் எண் ஜெர்சி. ஆட்டம் தொடங்கும் முன் கேப்டன் இசக்கிசெல்வி நான்கிலிருந்து பதினைந்து வரை எண்களைச் சொல்வாள். அவரவர் எண் வந்ததும் குனிந்து தரையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். எட்டு வரும்போது யாரும் தட்ட மாட்டார்கள். அவளுக்காக கேப்டன் பந்தை ஒரே ஒரு முறை தரையில் தட்டிவிட்டு ஒன்பதுக்குப் போவாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. போட்டிக்கு அனுப்பும் பெயர்ப் பட்டியலிலும் எட்டாம் எண்ணுக்கு நேரே வருஷா வருஷம் 'உலகம்மாள்' என்றே எழுதி வந்தாள் இசக்கிசெல்வி. பேனாவை எடுத்து அக்கா பெயரை அடிக்க மனசு வரவில்லை. யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று ஒரு தைரியம்.

கேட்டுவிட்டார்கள்.

போன ஞாயிறு அரையிறுதி. ஆறு வினாடி பாக்கி. நாற்பதுக்கு முப்பத்தொன்பது என்று கரமனை பின்னால் நின்றது. வெளியே மழை, உள்ளே விளக்கு திடீரென்று போயிற்று. இருட்டில் வலை 'சர்ரக்' என்றது எல்லோர் காதிலும் விழுந்தது. விளக்கு போகும் முன்பே பந்து கையை விட்டுவிட்டது என்று ரெஃப்ரி கூடையை ஒப்புக்கொண்டார். எறிந்தது யார்? பதினோரு பேரும் நான் இல்லை என்றார்கள். ஸ்கோர் எழுதியவர் மட்டும் சந்தேகமில்லாமல் சொன்னார்: "எட்டு. முதுகைப் பாத்தேன்."

விளக்கு வந்தபோது ஜெர்சி நாற்காலியில்தான் இருந்தது. நனைந்திருந்தது.

தோற்ற மலைநாட்டு அணி சும்மா இருக்குமா? எட்டாம் எண்காரியை நாங்கள் ஆட்டத்தில் பார்க்கவே இல்லை என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டது. இன்று மூன்று மணிக்கு இறுதி ஆட்டம். மதியம் ஒரு மணிக்குள் எட்டாம் எண் ஆட்டக்காரி ஆதார் அட்டையோடு கமிட்டி அறைக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் அரையிறுதி வெற்றி ரத்து.

ஒன்பது வருஷம் ஏங்கிய கோப்பை, இறந்துபோன ஒருத்தி வந்து நின்றால்தான் கிடைக்கும்.

*

ஷிஜா ஒன்பதரைக்கு வந்தாள். உலகம்மாளின் ஒரே மகள். கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனியில் வேலை, அங்கேயே ஹாஸ்டல். மழைக்கோட்டைக் கழற்றாமல் நேராகப் பின்கட்டுக்குப் போய்க் கொடியைப் பார்த்தாள்.

"இன்னும் நனஞ்சுதான் இருக்கா?"

"ம்."

ஷிஜா ஜெர்சியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இசக்கிசெல்விக்கு அதைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

"சித்தி, ஒண்ணு கேட்டா தேஷ்யப்படக் கூடாது, கோவிச்சுக்கக் கூடாது, கேட்டோ."

"கேளு."

"அம்மைய கடைசியா பாத்தது நீங்க மட்டும்தான். என்னைய உள்ள விடல. மொகத்தைப் பாத்தீங்கள்லா?"

"பாத்தேன் மக்கா."

"அம்மைதானே?"

"அம்மைதான்."

வாசகர்களே, இந்தத் தொடரில் இசக்கிசெல்வி சொன்ன முதல் பொய் இது. சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. இன்று இரண்டாம் முறையாகச் சொன்னாள்.

அன்று பிணவறையில் வெள்ளைத் துணியைக் கால் பக்கம் மட்டும்தான் விலக்கினார்கள். மேலே பாக்க வேண்டாம் சேச்சி, தாங்க மாட்டீங்க என்றார் அங்கிருந்தவர். முழங்காலில் நீலப் பட்டை இருந்தது. உலகம்மாளும் இருபது வருஷமாக நீலப் பட்டை போடுகிறவள். படி ஏறுவதானாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் ஏறுவாள்.

ஆனால் அவளுக்கு உடைந்தது இடது முழங்கால். பட்டை எப்போதும் இடது காலில்தான் இருக்கும். அந்த வெள்ளைத் துணிக்குக் கீழே தெரிந்த பட்டை வலது காலில் இருந்தது.

இசக்கிசெல்வி அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டுத்தான் "இது எங்க அக்காதான்" என்றாள். பதினோரு நாளாக ஆற்றங்கரைப் பாறையில் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஷிஜாவை வீட்டுக்குக் கூட்டி வர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்த வலது கால் ஒரு நாளும் அவளைத் தூங்கவிட்டதில்லை.

"அப்ப அன்னைக்குப் பந்து எறிஞ்சது ஆரு சித்தி?"

"ஸ்கோர் எழுதுனவன் தூக்கத்துல எழுதிருப்பான். போ, இட்லி இருக்கு, எடுத்துச் சாப்பிடு."

ஷிஜா அசையவில்லை. "அம்மை செத்துட்டான்னு அந்தக் கமிட்டியில போய்ச் சொல்லாதீங்க சித்தி. எல்லாரும் ஏதாவது சமாளிப்பீங்கல்லா? அந்த லிஸ்டுலயாவது இருக்கட்டும். அம்மை பேரு உயிரோட இருக்குறது அங்க மட்டும்தான்."

இசக்கிசெல்வி ஈர ஜெர்சியை எடுத்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினாள்.

*

உள்ளரங்கத்தின் உடை மாற்றும் அறையில் தைலவாசனை தூக்கி அடித்தது. பத்துப் பேரும் ஆளுக்கொரு முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மழை தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"நான் ஒரு யோசனை வெச்சுண்டிருக்கேன்" என்றாள் சூடாமணி. பதினோராம் எண். கரமனை அக்ரஹாரத்துக்காரி, ஐம்பத்து மூன்று வயசு, அணியிலேயே உயரம். "நானே எட்டுனு போய் நின்னுடறேன். கார்டு தொலைஞ்சு போச்சுன்னு அழுதா, பெரியவா இரக்கப்பட மாட்டாளா என்ன?"

"அக்கா அஞ்சடி ரெண்டங்குலம், சூடாமணியக்கா. நீங்க அஞ்சே முக்கால் அடி" என்றாள் இசக்கிசெல்வி.

"அதனால என்ன? உக்காந்துண்டே பேசறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மணி பன்னிரண்டே முக்கால். பத்து ஜோடிக் கண்கள் கேப்டனைப் பார்த்தன. சரி என்று ஒரு தலையசைப்பு போதும், இந்தப் பத்துப் பேரில் யார் வேண்டுமானாலும் எட்டாம் எண்ணாகப் போய் நிற்பார்கள். கேப்டன் கையை நீட்டி, இவள்தான் உலகம்மாள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த வேலையைத்தான் அவளால் செய்ய முடியவில்லை. ஏற்கெனவே ஒரு உடம்பைக் காட்டி இது என் அக்கா என்று சொன்ன வாய் அது. இன்னொரு உடம்பைக் காட்டி மறுபடியும் சொன்னால் அந்த வாய்க்குச் சோறு இறங்காது.

"நான் உண்மையச் சொல்லிரப் போறேன்" என்றாள். "அக்கா இல்ல. பேரு எழுதுனது என் தப்பு. ஆட்டம் போயிரும். எல்லாரும் என்னைய மன்னிச்சிருங்க."

ஒன்பது வருஷம் அல்லவா? ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு தைல டப்பாவை மூடினாள். இன்னொருத்தி அழுதேவிட்டாள். ஆனால் கூடையைத் தவறவிட்டவளை யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது என்பது உலகம்மாள் போட்ட சட்டம்.

சூடாமணிதான் வாயைத் திறந்தாள். "போய்ச் சொல்லிட்டு வா செல்வி. ஆனா நாளைக்குச் சுக்குக் காப்பி உன்னோடது. தித்திப்புக் கொறைச்சலாப் போடு."

*

கமிட்டி அறையில் தாணுமாலையன் தனியாக உட்கார்ந்திருந்தார். நாகர்கோவில்காரர், ஓய்வு பெற்ற ரெஃப்ரி. மேஜை மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் எதிரே ஒரு காலி நாற்காலி. அதில் உட்காரப் போன இசக்கிசெல்வி, உட்காராமல் நின்றாள். நாற்காலி நனைந்திருந்தது.

"சார், எட்டாம் நம்பர் வர மாட்டா" என்றாள். நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று கடகடவென்று சொன்னாள். "அவ எங்க அக்கா. செத்து மூணு வருசமாச்சு. மனசு கேக்காம நான்தான் லிஸ்டுல எழுதிட்டு வந்தேன். மத்த பத்துப் பேருக்கும் இதுல பங்கு கெடையாது. தண்டனை எனக்குக் குடுங்க."

தாணுமாலையன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"என்னம்மா கூத்தா இருக்கு? அவிய வந்துட்டுப் போயாச்சுல்லா."

"யாரு?"

"எட்டாம் நம்பர்தான். உலகம்மாள். பத்தே முக்காலுக்கு வந்தாவ. நான் கதவத் தொறக்கேன், வராந்தாவுல நிக்காவ. மழையில நல்லா நனஞ்சிருந்தாவ, பாவம்." அவர் ஃபைலைத் திறந்து ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார். "அட்டை ஒரே தண்ணி. ஃபேனுக்குக் கீழ வச்சு, அரை மணிக்கூறு காய வச்சுத்தான் ஜெராக்ஸ் எடுத்தேன். அப்பவும் முழுசாக் காயல பாத்துக்கிடுங்கோ."

ஜெராக்ஸில் படம் பாதி கரைந்திருந்தது. பெயர் கரையவில்லை. உலகம்மாள். கரமனை விலாசம். பையோடு ஆற்றில் போன அட்டை. கீழே கையெழுத்து, இடது கைக்காரர்கள் எழுதுவது போலப் பின்னால் சாய்ந்து நின்றது. பள்ளிக்கூடத்துப் புத்தகங்களிலிருந்து அவளுக்குத் தெரிந்த கையெழுத்து.

காலி நாற்காலிக்குக் கீழே தரையில் பொடி மணல் கிடந்தது.

"ஏதாவது பேசுனாளா சார்?"

"ஒண்ணும் பேசல. அந்த சேர்ல கைய மடியில வச்சு இருந்தாவ. போவும்போது மட்டும் ஒண்ணு கேட்டாவ." தாணுமாலையன் முகத்தில் சிரிப்பு இல்லை. "'என் தங்கச்சி என்னைய அடையாளம் காட்டுவாளா சார்?'ன்னு. கூடப் பொறந்தவளுக்குத் தெரியாமலாம்மா போவும்னு சொன்னேன்."

"சார், நான் சொல்றது சத்தியம். அவ செத்துட்டா. நானேதான் போய்…"

அங்கே நாக்கு நின்றுவிட்டது. நானேதான் போய் என்ன செய்தேன்? வலது காலைப் பார்த்தேன்.

"நீங்க வேற, இறுதி ஆட்டத்து அன்னைக்குப் படபடப்புல பேசுதிய" என்றார் தாணுமாலையன். "ஆள் வந்தாச்சு, அட்டை இருக்கு, கையொப்பு இருக்கு. புகார நான் தள்ளியாச்சு. போய் விளையாடுங்கோ."

*

இரண்டே முக்காலுக்குக் கோர்ட்டில் இறங்கினார்கள். தாணுமாலையன் சொன்னதில் பாதியைத்தான் அணியிடம் சொன்னாள்: புகாரைத் தள்ளிவிட்டார்கள். மீதிப் பாதியை எப்படிச் சொல்வது? பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சூடாமணி அவள் கன்னத்தைக் கிள்ளி, "என்ன மாயம் பண்ணினே?" என்றாள்.

பார்வையாளர் காலரியில் முதல் வரிசையில் சொரிமுத்துவும் ஷிஜாவும் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய விளக்குகள் எல்லாம் எரிந்தன. பகல் மூன்று மணி, நானூறு பேர், பட்டாணி விற்கிற சத்தம். பயப்பட இங்கே ஒன்றும் இல்லை என்று இசக்கிசெல்வி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பெஞ்சின் கடைசியில் நாற்காலியைப் போட்டாள். பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். முடிச்சு அவள் காலையில் போட்டது போலவே இருந்தது. அவிழ்த்துக் கையை விட்டாள்.

உள்ளே ஜெர்சி இல்லை. அடியில் இரண்டு கரண்டி தண்ணீர் தேங்கி நின்றது.

"செல்வி, ரெஃப்ரி கூப்பிடறார்" என்றாள் சூடாமணி.

வட்டமாக நின்றார்கள். வழக்கப்படி எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எண் சொல்லி முடிக்கும்வரை யாரும் நிமிரக் கூடாது. கேப்டன் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முதலில் தன் எண்ணைச் சொன்னாள்.

"நாலு." தரையைத் தட்டினாள்.

"அஞ்சு." ஒரு தட்டு.

"ஆறு." ஒரு தட்டு.

"ஏழு." ஒரு தட்டு.

அடுத்த எண் வர வேண்டும். ஒன்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய எண். அதைச் சொல்லாமல் தாண்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அக்காவை ஒரு முறை தாண்டிவிட்டு வந்தவள்தானே நீ என்று உள்ளே யாரோ கேட்டது போல இருந்தது.

"எட்டு."

பந்தை இடுப்பிலிருந்து எடுத்தாள். தரையில் தட்டக் கையை ஓங்கினாள்.

அதற்கு முன்பே தரை ஒலித்தது. உள்ளங்கைத் தட்டு. ஈரக்கை தட்டிய சத்தம்.

பத்துப் பேரும் குனிந்தபடியே உறைந்து நின்றார்கள். சூடாமணி வாய்க்குள் ஏதோ சுலோகம் முணுமுணுத்தாள். காலரியில் ஒரு நாற்காலி மடங்கி விழுந்தது. "அம்மே!" என்று ஷிஜாவின் குரல் கேட்டது. அடுத்து அவள் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடி வருகிற சத்தம் கேட்டது.

இனி ஒன்பது என்று சொல்ல வேண்டும். இசக்கிசெல்விக்கு வாய் வரவில்லை. நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்க்கத் தைரியமும் வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பார்க்காமல் விட்ட முகம்.

குனிந்த தலையோடு, அன்று பார்த்தது போலவே, கால்களை மட்டும் பார்த்தாள். வட்டத்தில் பன்னிரண்டாவது ஆளாக நின்ற அந்தக் கால்களைச் சுற்றித் தரையில் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது.

நீலப் பட்டை இடது முழங்காலில் இருந்தது.